‘பாலிசி ஸ்காலர்’: கொள்கையா, சூழ்ச்சியா?

உதகையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஓர் அவசர உதவி. ‘பாலிசி ஸ்காலர்’, அதாவது அரசின் திட்டங்களையும் முடிவுகளையும் ஆராய்பவர், என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். முதலாண்டு பொருளியல் மாணவர்களுக்குப் புதிதாக ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். பாலிசி ஸ்காலர்கள் பொருளாதாரம், அரசியல், வெளியுறவு பற்றி விவாதிக்கும் பாட்காஸ்ட் ஒன்றைக் கேட்டு இரண்டு பக்கம் எழுத வேண்டும். பாதிப் பிள்ளைகளின் ஊரில் சிக்னல் கிடையாது. கல்லூரியிலேயே இறக்கிக்கொண்டு வீட்டில் கேட்கலாம் என்பதால் காணொளியைவிட இதுதான் தோது. வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. ‘கொள்கை அறிஞர்’ என்று எழுதி வகுப்பில் காட்டினேன். ஒரு பையன் கேட்டான், “எந்தக் கட்சி மிஸ்?”

குன்னூரிலிருந்து:

பையன் கேட்டதில் தப்பில்லை டீச்சர். கொள்கை பரப்புச் செயலாளர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அதற்காக ‘பாலிசி’ என்றே விட்டுவிடாதீர்கள். நான் காப்பீட்டு முகவர், ஊரில் எனக்குப் பெயரே பாலிசிக்காரர். நான்தான் வெளியுறவு பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கொடைக்கானலிலிருந்து:

முகவர் ஐயா வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். அரசின் பாலிசி, நகரத்தைக் குறிக்கும் ‘போலிஸ்’ என்ற கிரேக்கச் சொல்வழி வந்தது. காப்பீட்டுப் பாலிசியோ, சான்று என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து இத்தாலிய ‘போலிட்சா’ வழியாக வந்தது. ஒலி ஒன்றானதால் உருவமும் ஒன்றாகிவிட்டது.

நம்முடைய ‘கொள்கை’ கொள் என்ற பகுதியில் பிறந்தது, மனத்தில் கொண்டது என்று பொருள். ஒருவன் உயிரே போனாலும் விடாதது கொள்கை. அரசு அடுத்த பட்ஜெட்டில் மாற்றிக்கொள்வதற்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? இதற்கென்று நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: சூழ்தல். கலந்து ஆராய்தல் என்று பொருள். ‘சூழ்வார்கண் ணாக ஒழுகலான்’ என்று 445ஆம் குறள் மன்னனுக்கு ஆலோசகரைக் கண்ணாகச் சொல்கிறது. 671இல் ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’. ஆகவே பாலிசி ஸ்காலர் ‘சூழ்வர்’, துறை ‘சூழ்வியல்’.

உதகையிலிருந்து:

ஐயா, ‘சூழ்வர் பேசுவதைக் கேட்டு எழுதுக’ என்று போட்டால் பிள்ளைகள் ஒட்டுக்கேட்டு எழுதச் சொல்கிறேன் என்பார்கள். ‘சூழ்வியல்’ அதைவிடச் சிக்கல். 1986 முதல் உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் குடியிருக்கிறோம். இங்கே சூழியல் என்றாலே யானை வழித்தடமும் இ-பாஸும்தான்.

கொடைக்கானலிலிருந்து:

ஓர் ஒற்று வித்தியாசம் அம்மா, பார்த்துப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். ‘பண்பலை’க்கும் சிரித்தவர்கள் உண்டு. இன்று கோடைப் பண்பலை என்று மலைக்குக் கீழேயும் சொல்கிறார்கள், பண்பு + அலை என்று பிரித்துப் பார்த்தா சொல்கிறார்கள்? நாற்றம் என்ற நல்ல சொல்லை இழந்தது போல…

குன்னூரிலிருந்து:

நாற்றம் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் குழுவில் அது வராமல் எந்த விவாதமும் முடிந்ததில்லை.

தாண்டிக்குடியிலிருந்து:

ஸ்காலரை விடுங்கள். பாட்காஸ்டை மட்டும் ஏன் யாரும் கேட்கவில்லை? அந்தச் சொல் 2004இல் ஐபாடை வைத்து உண்டானது. அந்த ஐபாடையே 2022இல் நிறுத்திவிட்டார்கள். செத்த கருவியின் பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘வலையொலி’ என்று அழகாக ஒரு சொல் இருக்கிறதே.

கூடலூரிலிருந்து:

வலையொலி என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் அண்ணா. எங்கள் பக்கம் அது வளையொலி, வளையல் சத்தம்.

அப்புறம் சூழ்ச்சி பற்றி ஒன்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பங்கிட்டுக் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தப் பங்கீட்டில் வந்து இங்கே அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. ஏடுகளில் அது வெளியுறவுக் கொள்கை. கொடைக்கானல் ஐயா அதைச் சூழ்ச்சி என்று எழுதினால் எங்கள் பாட்டி ஒரு வார்த்தை மறுக்க மாட்டார். ஆனால் ஐயா சொல்லும் பொருளில் அல்ல. கலந்து ஆராய்ந்ததாகச் சொல்கிறீர்களே, எங்களை யாரும் கேட்கவில்லை.

டீச்சர், பயிற்சிக்கு அந்த ஒப்பந்தத்தையே ஒரு தலைப்பாகக் கொடுங்கள். சொல் எதுவானாலும் பரவாயில்லை.

கொடைக்கானலிலிருந்து:

பாட்டிக்கு என் வணக்கம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. சொல் பற்றிய கருத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

குன்னூரிலிருந்து:

நடைமுறைக்கு வருவோம். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது துறைதோறும் வைப்பது ‘கொள்கை விளக்கக் குறிப்பு’. அரசே அப்படி அச்சடிக்கும்போது பிள்ளைகள் வேறொரு சொல்லைப் படித்துவிட்டு வேலைத் தேர்வில் போய் முழிக்க வேண்டுமா? ‘அறிஞர்’தான் மேடை வாடை அடிக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘ஆய்வாளர்’ போடுங்கள், கட்சிச் சந்தேகம் போய்விடும்.

தாண்டிக்குடியிலிருந்து:

ஆய்வாளர் என்றால் போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லையோ? சரி, சரி, நான் எதுவும் சொல்லவில்லை. பெரும்பான்மையோடு போகிறேன்.

உதகையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. ‘கொள்கை ஆய்வாளர்’ என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பாட்காஸ்ட் பாட்காஸ்டாகவே போகிறது, மன்னியுங்கள். 1964 ஒப்பந்தம் முதல் தலைப்பு. ‘சூழ்வர்’ என்பதையும் குறளோடு அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன் ஐயா. படி இணைத்துள்ளேன்.

கொடைக்கானலிலிருந்து:

பார்த்தேன் அம்மா. அடிக்குறிப்புக்கு நன்றி, ஆனாலும் என் மறுப்பைப் பதிவுசெய்து வைக்கவும். தலைப்பில் ‘பயிற்சி தாள்’ என்று இருக்கிறது. ‘த்’ எங்கே?