கடலோரத்தில் ஓய்வு இல்லம்: மரக்காணம் – புதுச்சேரிப் பகுதியில் மனை வாங்கலாமா?

பெருந்துறைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகள் தறிப்பட்டறை நடத்திவிட்டுச் சென்ற ஆண்டு தறிகளை விற்றுவிட்டேன். மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பேரப்பிள்ளைகளும் வந்து போகும்படி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு கிரவுண்டு மனை வாங்கிச் சிறிய வீடு கட்டலாம் என்பது என் எண்ணம். ஆண்டில் மூன்று மாதம் நாங்கள் தங்கிக்கொண்டு, மற்ற நாட்களில் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டால் முதலீட்டுக்கும் வழியாகும் என்று புரோக்கர் சொல்கிறார். காட்டிய மனையிலிருந்து கடல் தெரிகிறது. அலைக்கும் மனைக்கும் நடுவே ஏறக்குறைய 180 மீட்டர் இருக்கும். செண்டுக் கணக்கிலேயே பழகிய எனக்குக் கிரவுண்டு என்பது ஐந்தரை செண்டு என்பதே இப்போதுதான் தெரியும். அந்தப் பக்கம் வாங்கி அனுபவப்பட்டவர்கள் வழிகாட்ட வேண்டும்.

நொய்யல்கரை:

வணக்கம் அண்ணா. நான் 2012-இல் புதுச்சேரிக்கு வடக்கே ஒரு தனி வீடு வாங்கினேன். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் அடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. பண்ருட்டி வழியாகப் போகும்போது சாய்ந்து கிடந்த முந்திரி மரங்களைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

முதல் இரண்டு ஆண்டுகள் சுகமாகத்தான் இருந்தன. அதன் பிறகு உப்புக் காற்று வேலையைக் காட்டியது. ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்தன, ஏசியின் வெளிப்பெட்டியை நான்காம் ஆண்டிலேயே மாற்ற வேண்டியதாயிற்று, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கோடைக்குக் கோடை உப்பு ஏறியது. ஆளில்லாத வீடு இருமடங்கு வேகத்தில் கெடுகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஈரோட்டுப் பக்கமிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போய், பாதி நாளைக் கூட்டிப் பெருக்குவதிலும் பிளம்பரைத் தேடுவதிலும் கழிப்பதற்குப் பெயர் ஓய்வு அல்ல.

வாடகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வார இறுதி தவிர ஆள் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அந்த வார இறுதியும் போய்விடும். நம்பிக்கைக்குரியவர் என்று ஒருவரைக் காவலுக்கு வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போய் இறங்கியபோது, என் வீட்டு முற்றத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர்கள் நல்லவர்கள், எங்களுக்கும் கேக் கொடுத்தார்கள். அப்படி எத்தனை சனிக்கிழமை வாடகை அவருடைய பைக்குப் போயிற்றோ, நான் கணக்குப் பார்க்கவில்லை. வரவு செலவைக் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணம் வங்கி வைப்பில் சும்மா கிடந்திருந்தாலும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இரண்டு ஆண்டுகளாக விற்கப் பார்க்கிறேன், கேட்பவர்கள் எல்லாரும் அடிமாட்டு விலைக்கே கேட்கிறார்கள்.

பத்திர எழுத்தர், ஈரோடு:

மனை 180 மீட்டரில் இருக்கிறது என்ற ஒரு வரியிலேயே நான் நின்றுவிட்டேன் ஐயா. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரையிலான நிலம், கட்டுமானத்திற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்துள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திற்குள் (சி.ஆர்.இசட்.) வரும். 2011-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி, ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானத்திற்கு இடமில்லாத பகுதி. 200-க்கும் 500-க்கும் இடைப்பட்ட பகுதியிலும் குடியிருப்பு அனுமதி என்பது மீனவக் கிராமங்கள் போன்ற மரபுரிமை உடையவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளியூரிலிருந்து வந்து மாளிகை எழுப்புபவருக்கானது அல்ல. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள ஊரகப் பகுதிகளில் இந்தத் தடையை 50 மீட்டராக 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை குறைத்தது உண்மைதான். ஆனால் அது, மாநிலத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் புதிய விதிப்படி ஒப்புதல் பெற்ற பிறகே செல்லும். “இப்போதெல்லாம் 50 மீட்டர்தான்” என்று புரோக்கர் சொன்னால், அந்தச் சர்வே எண் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்பதை வரைபடத்தோடு காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, புதுச்சேரியின் நிலப்பகுதி ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்களோடு ஊடும் பாவுமாகக் கலந்து கிடக்கிறது. தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனை யூனியன் பிரதேசத்திற்குள் விழுந்தால் அதன் கிரயம் அங்கேதான் பதிவாகும். நம் பதிவுத்துறை இணையதளத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்றில் ஒன்றும் தெரியாது, சான்று வெறுமையாக இருப்பதைப் பார்த்து வில்லங்கம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 விழுக்காடு வாங்கும்போதே போய்விடும். இனி வாங்கும் மனையை இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விற்றால், லாபத்தில் 12.5 விழுக்காடு வரி; 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியவர்களுக்கு உள்ள பணவீக்கச் சரிக்கட்டல் சலுகை (வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கேற்பக் கூட்டிக் காட்டி லாபத்தைக் குறைப்பது) உங்களுக்குக் கிடையாது. முதலீடு என்று கணக்குப் போடுபவர் இந்த இரண்டையும் கழித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

லேஅவுட்டுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடத்தை யாராவது நீட்டினால் வாங்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அது அனுமதி ஆகாது.

கோவைப் பொறியாளர்:

கட்டுவது என்றே முடிவானால் கான்கிரீட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நம் ஊரில் வீட்டுக்கு எம்20 கலவை (எண் கூடக் கூடக் கான்கிரீட்டின் வலிமை கூடும்) போட்டுப் பழகிய மேஸ்திரி அங்கேயும் அதையே போடுவார். உப்புக் காற்று நேரே படும் கட்டடத்தைக் கடுமையான சூழல் என்றே கொண்டு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 456 அதற்குக் கேட்கும் எம்30 கலவையும், கம்பியை மூடி நிற்க 45 மில்லிமீட்டர் கான்கிரீட்டும் கொடுங்கள். அந்தச் சில மில்லிமீட்டரை மிச்சம் பிடித்த வீடுகளில்தான் பத்து ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து, ஊதி, கூரைப் பூச்சு பெயர்ந்து விழுகிறது.

கரையும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டதால், வடக்கே இருந்த கடற்கரை அரிக்கப்பட்டது. பொம்மையார்பாளையம் பக்கம் போய், முன்பு மணல் எதுவரை இருந்தது என்று அங்குள்ள மீனவப் பெரியவர் எவரிடமாவது கேளுங்கள். இன்றைய 180 மீட்டர் உங்கள் பேரன் காலத்தில் எத்தனை மீட்டராக இருக்கும் என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது.

பெருந்துறைவாசி:

மூவருக்கும் நன்றி. நேற்று புரோக்கரிடம் சர்வே எண்ணையும் லேஅவுட் அனுமதி எண்ணையும் கேட்டேன். சர்வே எண்ணை அனுப்பினார். அனுமதிக்குப் “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க, எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க” என்றார். முன்பணம் கொடுக்கவில்லை, இனிக் கொடுக்கப் போவதும் இல்லை.

ஆனாலும் வீட்டம்மாவுக்குக் கடல் ஆசை போகவில்லை. வரும் ஐப்பசி முதல் மார்கழி வரை, மழையும் புயலும் வரும் அந்த மூன்று மாதத்திலேயே, அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். நொய்யல்கரைத் தம்பி, உங்கள் வீடு இன்னும் விற்காமல் இருந்தால் வாடகை என்னவென்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். காவல்காரர் மாறிவிட்டாரா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.