மூணாவது கிளாரினெட்டுக்கு ஒருத்தர் போதுமா, நாலு பேர் வேணுமா?

ரீட்மூணு:
எங்க ஊது வாத்திய பேண்டுல அடுத்த சீசன்லருந்து ஒரு பார்ட்டுக்கு, அதாவது தனியா எழுதின ஒவ்வொரு வரிக்கும், ஒரே ஒரு ஆள்தான்னு கண்டக்டர் முடிவு பண்ணிட்டாரு. இப்ப 60 பேர் சொச்சம் இருக்கோம், அது 40க்கு வந்துடும். நான் 11 வருஷமா மூணாவது கிளாரினெட், கிளாரினெட்டுக்கு இருக்கிற மூணு பார்ட்ல கடைசி. எங்க வரிசையில நாலு பேர். சவுண்டு சுத்தமா வரும், ஒவ்வொருத்தருக்கும் பொறுப்பு கூடும்ங்கிறதுதான் அவர் சொன்ன காரணம். எனக்கு இது தப்புன்னு படுது, எங்க ஆளுங்க போறாங்களேன்னு மட்டும் சொல்லல, சவுண்டுக்காகவும்தான் சொல்றேன். மூணாவது கிளாரினெட்னா பாதி நேரம் அடி ஸ்தாயியில, ஷாலுமோன்னு சொல்ற அந்த இருட்டான இடத்துல நீளமா பிடிச்சுகிட்டே இருக்கணும். அங்க ஒரு ஆள் ஊதுனா ஒரு கிளாரினெட் கேக்கும். நாலு பேர் மெதுவா ஊதுனா தனியா கிளாரினெட்டுன்னே தெரியாது, மொத்த பேண்டுக்கும் கீழ ஜமக்காளம் விரிச்ச மாதிரி இருக்கும். இதை எதுக்கு தூக்கணும்? இதுல அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

வால்வுஎண்ணெய்:
உங்க கண்டக்டர் சரியாதான் பண்றாரு. நான் ட்ரம்பெட், 6 வருஷமா ஒரு பார்ட்டுக்கு ஒரு ஆள் குரூப்லதான் ஊதுறேன், இனிமே பழைய மாதிரி கூட்டத்துல போய் உக்கார மாட்டேன். இது இன்னிக்கு நேத்து வந்த ஃபேஷனும் இல்ல, ஃப்ரெடெரிக் ஃபெனல்ங்கிற அமெரிக்க கண்டக்டர் 1952லயே ஈஸ்ட்மன் விண்ட் என்செம்பிள்ங்கிற ஊது வாத்திய குரூப்பை ஆரம்பிச்சு இதைத்தான் செஞ்சு காட்டினாரு. அதுக்கு முன்னாடி பேண்டுன்னா ஆளை அடுக்குறதுதான், கிளாரினெட்டு மட்டும் இருபது பேர். ஸ்கோர்ல எழுதினது பாதி காதுக்கே வராது. இசையமைப்பாளர் கிரெய்ஞ்சரோட லிங்கன்ஷயர் போஸிங்கிற பேண்டு பீஸை எடுத்துக்கோங்க, 1937ல எழுதினது. அதுல மூணாவது பகுதி ஆரம்பிக்கிறப்ப பிக்கலோங்கிற சின்னப் புல்லாங்குழலும் கிளாரினெட்டுமா விரல் விட்டு எண்ணுற அளவு வாத்தியம்தான் ஒண்ணை ஒண்ணு துரத்தும், தாளம் பாருக்கு பார், அதாவது தாள வட்டத்துக்கு வட்டம், மாறும். அதை நாலு நாலு பேரா ஊதிப் பாருங்க, சேறாயிடும்.

ரீட்மூணு:
அண்ணே அந்த இடத்துல ஆளுக்கு ஒண்ணா வேணும்னுதானே அவரே அப்படி மெலிசா எழுதியிருக்காரு. மெலிசா வேணும்ங்கிற இடத்துல மெலிசா ஊதிட்டுப் போறோம். அதுக்காக மீதி எல்லா பீஸுக்கும் ஆளைக் குறைக்கணுமா?

பெரியகுழல்:
நான் ட்யூபா, அடி ஸ்தாயியில ஊதுற பெரிய பித்தளைக் குழல். நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா மூச்சைப் பத்தி யாருமே பேசலையே. இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டோட முதல் ஸ்வீட் (Suite, பல பகுதி சேர்ந்த பீஸ்), ஈ-ஃபிளாட்டுல 1909ல எழுதினது, பேண்டுல இருக்கிற எல்லாருக்கும் மனப்பாடம். அதோட முதல் பகுதியான ஷக்கோன் ஆரம்பமே யூஃபோனியமும் (சின்ன ட்யூபா மாதிரி இருக்கும்) ட்யூபாவும்தான், எட்டு பார், மூணு மூணு பீட்டா 24 பீட்டு, அதுவும் மெதுவா. அந்த எட்டு பாரும் ஒரே கோடா போகணும்னு கண்டக்டர் கேப்பாரு. ட்யூபா எவ்வளவு காத்து குடிக்கும்னு ஊதுறவனுக்குத்தான் தெரியும், நான் ஒருத்தனா இருந்தா நடுவுல கண்டிப்பா வெட்டுவேன், வேற வழியே இல்ல. ரெண்டு பேர் இருந்தா நான் மூணாவது பார் நடுவுல மூச்சு எடுப்பேன், பக்கத்துல இருக்கிறவர் அஞ்சாவதுல எடுப்பாரு, எடுக்கிறவர் சத்தத்தைத் தேய்ச்சுகிட்டே வெளிய போயி தேய்ச்சுகிட்டே உள்ள வரணும். இதை ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்குவோம், பென்சில்ல பார்ட்டு மேல ஒரு சின்ன டிக் போட்டு வச்சிருப்போம். கேக்குறவங்களுக்கு மூச்சே இல்லாத மாதிரி இருக்கும். பெர்லியோஸ்ங்கிற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1840ல தெருவுல நடந்துகிட்டே ஊத 200 பேருக்கு ஒரு சிம்ஃபொனி எழுதினாரு, அதை பார்ட்டுக்கு ஒருத்தர்னு யோசிச்சே பாக்க முடியாது. ஊதுற வாத்தியத்துக்கு கூட்டம் இயல்பானது.

டபுள்ரீட்:
ஓபோங்கிற குழல் ஊதுறவ நான். எங்களுக்கு எப்பவுமே பார்ட்டுக்கு ஒருத்தர்தான், நாங்க செத்தா போயிட்டோம்? கூட்டத்துல ஸ்ருதி எப்படி இருக்கும்னு கிளாரினெட்காரங்க மனசைத் தொட்டு சொல்லுங்க. ஒருத்தர் செகண்டுக்கு 440 அதிர்வுல பிடிக்கிறாரு, பக்கத்துல இருக்கிறவர் 442ல பிடிக்கிறாரு, செகண்டுக்கு ரெண்டு தடவை வாவ் வாவ்னு துடிக்கும். ஹால் சூடாக சூடாக எல்லாரோட ஸ்ருதியும் மேல ஏறும், அதுலயும் ரொம்ப நேரம் ரெஸ்ட்டுல இருந்து வாத்தியம் ஆறிப்போனவர் கீழயே நிப்பாரு. ஒருத்தரா இருந்தா யார் தப்புன்னு உடனே தெரியும், அவங்களே உதட்டைச் சரி பண்ணிக்குவாங்க. நாலு பேர்ல அவன்தான்னு நானும் நான்தான்னு அவனும் யாரும் ஒத்துக்க மாட்டோம்.

ரீட்மூணு:
துடிப்பு பத்தி நீங்க சொன்னது சத்தியம் மேடம். ஆனா அது ரெண்டு பேர் இருக்கும்போதுதான் ரொம்ப மோசம். ரெண்டு பேர்னா ஒரே துடிப்பு பளிச்சுன்னு தெரியும், நாலஞ்சு பேரானா அந்தத் துடிப்பெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு சவுண்டு அகலமாயிடும், வயலின் செக்‌ஷன் அழகா இருக்கிறதுக்கும் இதே காரணம்தான். சத்தத்துக்காக நாலு பேர் கேக்கிறோம்னு நினைக்கிறாங்க, அதுவும் கிடையாது, ஆளை இரட்டிப்பாக்கினா 3 டெசிபல்தான் கூடும், பத்து பேர் சேர்ந்தாத்தான் காதுக்கு ஒரு ரெண்டு மடங்கா தெரியும். நாங்க கேக்குறது சத்தம் இல்ல, நிறம்.

அப்புறம் வால்வுஎண்ணெய் அண்ணே, ஃபெனல் பேரைச் சொன்னீங்களே, அவரோட வாத்தியப் பட்டியலைப் பாருங்க. பி-ஃபிளாட் கிளாரினெட், அதாவது நாங்க வழக்கமா ஊதுறது, எட்டு போட்டிருக்காரு. எப்படி வேணா பிரிச்சுக்கலாம், வேணும்னா குறைச்சுக்கலாம்னும் சொல்லியிருக்காரு. எட்டு பேரை மூணு பார்ட்டுக்குப் பிரிச்சா ஒரு பார்ட்டுக்கு எத்தனை பேர்? இசைக்கு என்ன வேணுமோ அதுக்கு ஆளை வைங்கன்னுதான் அவர் சொன்னாரு. அதை ஒரு சட்டமா மாத்தினது பின்னாடி வந்தவங்க.

வால்வுஎண்ணெய்:
எட்டு கிளாரினெட் விஷயம் சரிதான், நான் அதை விட்டுட்டுதான் பேசினேன், ஒத்துக்கிறேன். ஆனா நான் ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்னு சொல்லிடறேன், இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. பழைய பேண்டுல ரெண்டாவது ட்ரம்பெட்ல மூணு பேர் இருந்தோம். ஒரு மார்ச்ல நாக்கு வேகமா அடிக்கணும், பதினாறு நோட்டு தொடர்ச்சியா, எனக்கு வரல. ரெண்டு வருஷம் அந்த நாலு பார்ல மௌத்பீஸை உதட்டுல வச்சுகிட்டு வால்வை மட்டும் அமுக்கிட்டு இருந்தேன், காத்தே விடல. கண்டக்டருக்கும் தெரியல, பக்கத்துல இருக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லல. ஒவ்வொரு கச்சேரியிலயும் அந்த நாலு பார் கிட்ட வரும்போது வயிறு பிசையும். புது குரூப்புக்கு வந்ததும் அதே மார்ச், நான் ஒருத்தன்தான். தாளம் தட்டுற மெட்ரோனோமை மெதுவா 60ல வச்சு தினமும் அரை மணி நேரம், மூணே வாரத்துல வந்துடுச்சு. ரெண்டு வருஷம் வராதது மூணு வாரத்துல! கூட்டம் என்னைக் காப்பாத்தலைங்க, என்னைக் கெடுத்துச்சு.

பெரியகுழல்:
உங்களுக்கு ஊதத் தெரியும், நாலு பார் மட்டும்தான் வரல. எட்டு மாசம் முன்னாடி வாத்தியத்தைத் தொட்டவங்களை நினைச்சுப் பாருங்க. அவங்களைத் தனியா உக்கார வச்சா மூணு வாரத்துல கத்துக்க மாட்டாங்க, மூணாவது வாரம் வராம நின்னுடுவாங்க.

டபுள்ரீட்:
அப்ப அவங்களுக்குன்னு தனியா பயிற்சி பேண்டு வைக்கலாமே. கச்சேரி பேண்டையே எதுக்கு பள்ளிக்கூடமாக்கணும்?

ரீட்மூணு:
ஏன்னா எட்டு மாச ஆளு எட்டு மாச ஆளு பக்கத்துல உக்காந்தா எதையும் கத்துக்க முடியாது. எங்க வரிசையில கடைசியா வந்தவங்களுக்கு 52 வயசு, பிள்ளைங்க வளந்தப்புறம் முதல் தடவையா ஊத வந்தாங்க. நடு ஏ நோட்டுலருந்து பி நோட்டுக்குத் தாண்டுற இடம் இருக்கே, கிட்டத்தட்ட எல்லா ஓட்டையும் திறந்து கிடக்கிற விரலை ஒரே நொடியில மொத்தமா மூடணும், அந்த இடத்துல அவங்களுக்குக் கீச்சுன்னு வந்துடும். நான் எதுவும் சொல்லித்தரல. அந்த இடத்துக்கு ஒரு பீட்டு முன்னாடியே வலது கை விரலை இறக்கி மூடி வச்சுக்குவேன், நோட்டு மாறாது. அவங்க என் கையைப் பாத்துகிட்டே இருந்தாங்க. நாலாவது ரிஹர்சல்ல அவங்க வலது கையும் என்னோட சேர்ந்து இறங்குச்சு.

அண்ணே, நீங்க சொன்ன அந்த நாலு பாரை நான் மறக்க மாட்டேன், உண்மையைச் சொன்னா எனக்கும் அப்படி ஒரு ரெண்டு பார் இருக்கு. இந்த வாரம் அதைத் தனியா எடுத்து உக்காரப் போறேன். ஆனா எங்க வரிசையில மீதி மூணு பேரையும் அனுப்புறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

டபுள்ரீட்:
அவங்க எங்க போவாங்கன்னு கண்டக்டர் ஏதாவது சொன்னாரா?

ரீட்மூணு:
சொல்லல. போன வாரம் அந்தம்மா, பத்து ரீட் (கிளாரினெட் வாயில மாட்டுற நாணல் பட்டை) இருக்கிற பெட்டி ஒண்ணு வாங்கட்டுமா, இல்ல தேவைப்படாதான்னு என்கிட்ட கேட்டாங்க. வாங்குங்கன்னு சொல்லிட்டேன். அடுத்த ரிஹர்சலுக்கு அரை மணி முன்னாடியே போய் கண்டக்டர்கிட்ட பேசப் போறேன், ஃபெனலோட பட்டியலையும் எடுத்துட்டுப் போறேன்.