சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் படுத்துக்கொள்ளும் சர்வர்: லாம்டாவா, கன்டெய்னரா?

பனியன்_ஊர்க்காரன்:

வணக்கம். திருப்பூரில் பதினோரு பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் நடத்துகிறேன். ஆள் நான் ஒருவன்தான். இவர்களிடம் வாரச் சம்பளம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு எல்லா அக்கவுன்டன்ட்டும் ஒரே நேரத்தில் 'சீட்டு போடு' பொத்தானை அமுக்குவார்கள். சுமார் 3,000 சம்பளச் சீட்டு. மற்ற ஆறு நாளும் சர்வர் ஈ ஓட்டுகிறது.

இருப்பது ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) மும்பை ரீஜியனில் ஒரு இசி2 வாடகை சர்வர், 4 ஜிபி ரேம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் அதே மெஷினில்தான். சீட்டை எச்டிஎம்எல்லாக எழுதி, குரோமியம் பிரவுசரை வைத்துப் பிடிஎஃப் ஆக்குகிறேன். ஒரு சீட்டுக்கு 4 விநாடி. போன சனிக்கிழமை குரோமியம் ரேமை மொத்தமாகத் தின்றுவிட, லினக்ஸ் இடம் பிடிக்க போஸ்ட்கிரஸைக் கொன்றுவிட்டது. ஏழரை மணிக்கு ஒரு முதலாளி போன் செய்து, "தம்பி, ஆளுங்க கேட்ல நிக்கறாங்க" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நண்பன் குபெர்னெடிஸ் (நிறையக் கன்டெய்னர்களை மேய்க்கும் மென்பொருள்) போடு என்கிறான். இன்னொருவர் லாம்டா (கூப்பிடும்போது மட்டும் நிரலை ஓட்டும் ஏடபிள்யூஎஸ் சேவை) போதும் என்கிறார். கன்டெய்னர் கட்டும் டாக்கர் ஓரளவு தெரியும். என்ன செய்யலாம்?

கட்டளைவரி:

குபெர்னெடிஸ் வேண்டாம். ஏடபிள்யூஎஸ்ஸில் அதை ஈகேஎஸ் என்ற சேவையாக எடுத்தால், கன்ட்ரோல் பிளேன் என்ற நிர்வாகப் பகுதிக்கு மட்டுமே மணிக்கு 10 சென்ட், மாதம் 70 டாலருக்கு மேல். அது சும்மா இருந்தாலும் ஓடும் மீட்டர்.

ஒரு கேள்வி: ஒவ்வொரு சீட்டுக்கும் குரோமியத்தைப் புதிதாகத் திறந்து மூடுகிறீர்களா? அந்த 4 விநாடியில் பாதி அதற்கே போயிருக்கும்.

பனியன்_ஊர்க்காரன்:

ஆமாம், அப்படித்தான். வெட்கமாக இருக்கிறது.

ரசீது_ஆள்:

வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளிக் கட்டண ரசீதுக்கு இதே வேலையைச் செய்து, எல்லாத் தப்பையும் ஒரு முறை பண்ணி முடித்தவன் நான்.

வாரத்தில் ஒரு மணி நேர வேலைக்கு லாம்டாதான் சரி. 2 ஜிபி ரேம், 4 விநாடி என்றால் ஒரு சீட்டுக்கு 8 ஜிபி-விநாடி (ரேமை நேரத்தால் பெருக்கியது, லாம்டாவின் மீட்டர் இதுதான்). 3,000 சீட்டுக்கு 24,000. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்திலும் 1,20,000தான். மாதம் 4,00,000 வரை இலவசம். மிச்சம் பிடிக்கிறேன் என்று ரேமை 512 எம்பிக்கு இறக்காதீர்கள். லாம்டாவில் ரேமை வைத்துத்தான் சிபியு கிடைக்கும். 1,769 எம்பி கொடுத்தால்தான் ஒரு முழு சிபியு. இறக்கினால் நேரம் இழுத்து, செலவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

நான் மாட்டிய முதல் இடம் டேட்டாபேஸ். லாம்டா நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் எழும், ஒவ்வொன்றும் போஸ்ட்கிரஸுக்கு ஓர் இணைப்பு கேட்கும். போஸ்ட்கிரஸ் இயல்பாக அனுமதிப்பது 100. அப்புறம், டேட்டாபேஸைத் தொட லாம்டாவை விபிசிக்குள் (ஏடபிள்யூஎஸ்ஸில் நமக்கென்ற தனி நெட்வொர்க்) வைத்தேன். உள்ளே வைத்ததும் வெளியே எஸ்எம்எஸ் அனுப்ப, இணையத்துக்கு வாசலான நாட் கேட்வே தேவைப்பட்டது. அதற்கும் மணிக்கணக்கில் வாடகை. இலவச லாம்டாவுக்குக் காவல்காரன் சம்பளம் கொடுத்த கதை.

ஆகவே டேட்டாபேஸைத் தொடவே விடாதீர்கள். உங்கள் சர்வரே ஒரு ஆளின் பெயர், தைத்த பீஸ் கணக்கு, பிடித்தம் எல்லாவற்றையும் சேர்த்து, எஸ்க்யூஎஸ் என்ற ஏடபிள்யூஎஸ் வரிசையில் ஒரு செய்தியாகப் போடட்டும். லாம்டா அதை எடுத்து, பிடிஎஃப் செய்து, எஸ்3 என்ற கோப்புக் கிடங்கில் வைத்துவிட்டுப் போகட்டும். கோப்பின் பெயர் கம்பெனி, வாரம், ஆள் எண் என்று இருந்தால், அதே செய்தி இரண்டு முறை வந்தாலும் அதே கோப்பு மேலேயே எழுதப்படும். எஸ்க்யூஎஸ் சில நேரம் இரண்டு முறை கொடுக்கும்.

எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையை இதே ஃபங்ஷனில் (லாம்டாவில் ஓடும் நிரல்) வைக்காதீர்கள். எஸ்க்யூஎஸ்ஸிலிருந்து லாம்டாவுக்கு இயல்பாகப் பத்துப் பத்தாக வரும். பத்தில் ஒன்று பிழை எறிந்தால், பத்தும் திரும்ப வரிசைக்குப் போகும். எனக்கு ஒரு மாணவனின் பெயரில் இருந்த ஒரு வேண்டாத குறியால் இது நடந்தது. மீதி ஒன்பது வீட்டுக்கும் 'கட்டணம் பெறப்பட்டது' மூன்று முறை போனது. மறுநாள் காலையில் பள்ளி வாசலில் ஒன்பது அப்பாக்கள், மூன்று தடவை பணம் எடுத்துவிட்டீர்களா என்று. தோல்வியடைந்த செய்தியை மட்டும் திருப்பி அனுப்ப வழி உண்டு, இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

தமிழ் எழுத்துரு. லேப்டாப்பில் அழகாக வரும், லாம்டாவில் 'முருகேசன்' இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரும். லாம்டாவில் ஏற்றும் கன்டெய்னர் இமேஜில் (நிரலும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதி) தமிழ் எழுத்துரு இல்லை என்பதுதான் காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பை டாக்கர்ஃபைலிலேயே (இமேஜ் கட்டும் குறிப்பு) காப்பி செய்து, இமேஜ் கட்டும்போதே எழுத்துரு கேஷையும் (எந்த எழுத்துரு எங்கே என்ற பட்டியல்) உருவாக்கிவிடுங்கள். லாம்டா ஓடும்போது டெம்ப் ஃபோல்டரில் மட்டுமே எழுத முடியும். குரோமியத்தின் புரொஃபைல் ஃபோல்டரையும் அங்கேயே காட்டுங்கள்.

பழைய_சர்வர்:

ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபார்கேட்டையும் (சர்வர் இல்லாமல் கன்டெய்னரை ஓட்டும் சேவை) பாருங்கள். அதே இமேஜ், சனிக்கிழமை 4:50க்கு எழுந்து, வேலை முடிந்ததும் அணையும் ஒரு டாஸ்க். ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு, லாம்டாவின் 15 நிமிட வரம்பும் இல்லை.

ரசீது_ஆள்:

ஒரு சீட்டு 4 விநாடிதானே, 15 நிமிடம் இங்கே இடிக்காது. ஃபார்கேட்டில் ஒவ்வொன்றாகப் போட்டால் 12,000 விநாடி, மூன்று மணி நேரத்துக்கு மேல். நான்கு நான்காகப் போட்டாலும் 50 நிமிடம். ஆட்கள் கேட்டில் நிற்கும்போது 50 நிமிடம் அதிகம். மாதாந்திர ரிப்போர்ட் மாதிரி ராத்திரி ஓடும் வேலைக்கு நானும் ஃபார்கேட்தான் வைத்திருக்கிறேன்.

பனியன்_ஊர்க்காரன்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ரசீது_ஆள் அண்ணா சொன்னபடியே போட்டேன். முதலில் ஓடவே இல்லை, 'எக்ஸெக் ஃபார்மட் எரர்'. எம்1 மேக்கில் கட்டிய ஆர்ம் இமேஜை எக்ஸ்86 (வேறு வகை சிபியு) ஃபங்ஷனில் ஏற்றியிருக்கிறேன். அதற்கு ஒரு ராத்திரி போனது.

ஒரே நேரத்தில் 50க்கு மேல் எழக் கூடாது என்று வைத்திருக்கிறேன். இந்த சனி 5:02க்கு அமுக்கினார்கள், 5:07க்குக் கடைசிச் சீட்டு வந்துவிட்டது. போன் வரவில்லை. ஆறரை வரை போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அது வேறு.

ஒரு சந்தேகம். கிளவுட்வாட்ச்சில் (ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவை) லாக் குவிகிறது, தானாகப் போய்விடுமா?

ரசீது_ஆள்:

போகாது. நீங்கள் மாற்றும் வரை அழியவே அழியாது. 14 நாள் என்று வையுங்கள். லாக்கில் சம்பளத் தொகை அச்சாகிறதா பாருங்கள், ஆகிறது என்றால் முதலில் அதை எடுங்கள்.