வெறும் தண்ணீரைத் தெளித்தால் பெராக்சைடு வருமா?

குழாயடி:
எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. போன வியாழன் எங்கள் துறைக் கருத்தரங்கில் நுண்துளிகளைப் பற்றி ஒருவர் பேசினார். 2019இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸேர் குழு சொன்னதுதான் பேச்சின் மையம்: சுத்தமான தண்ணீரை 20 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துளிகளாகத் தெளித்தால், வினையூக்கி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், தானாகவே ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறதாம். சுமார் 30 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு). கடைசி வரிசையிலிருந்து ஒரு சார், "ஓசோனை அளந்தீர்களா?" என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது. பதில் போண்டாவோடு போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. அறையை ஈரமாக்கும் ஹாஸ்டல் ஹியூமிடிஃபையரின் புகையைக் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் பிடித்து, பெராக்சைடு இருந்தால் நீலமாகும் சோதனைத் தாளை நனைத்தேன். லேசாக நீலம். அறைத்தோழிக்கு அந்த நீலம் தெரியவே இல்லையாம்! அடுத்த வாரம் இதையே நான் செமினாரில் எடுக்க வேண்டும். யாரை நம்புவது?

மாஸ்ஸ்பெக் அண்ணன்:
முதலில் தாள். என்னிடம் இருப்பதன் நிற அட்டையில் மிகக் குறைந்த கட்டம் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 15 மைக்ரோமோலார். ஒரு மைக்ரோமோலாரை அது பார்க்காது. உங்கள் தோழி சொன்னது சரியாக இருக்கலாம்.

அடுத்து ஹியூமிடிஃபையர். அது அல்ட்ராசோனிக் (மீயொலி அதிர்வால் மூடுபனி எழுப்புவது) என்றால், உள்ளே குமிழ்கள் உடையும்போதே தண்ணீர் பிளந்து பெராக்சைடு தரும். துளியின் பெருமை அதில் இல்லை. சவூதியின் காஸ்ட் (KAUST) பல்கலைக்கழகத்தில் ஹிமான்ஷு மிஸ்ரா குழு 2021இல் இதைத்தான் காட்டியது: அல்ட்ராசோனிக் மூடுபனியில் சுமார் ஒரு மைக்ரோமோலார், சூடாக்கி எடுத்த ஆவியைக் குளிர்வித்தபோது கருவிக்கு எதுவும் அகப்படவில்லை. 2022இல் ஓசோனையும் காட்டினார்கள். காற்றில் அது இருந்தால் துளி குடித்துக்கொள்கிறது, அதிலிருந்தே பெராக்சைடு வருகிறது. ஸேர் தரப்பும் சும்மா இல்லை. ஓசோனை நீக்கியும் வருகிறது என்றார்கள், ஆனால் அளவு முன்பு சொன்னதைவிட வெகு குறைவு. என்னைக் கேட்டால், அந்தக் குறைவே பாதி பதில்.

பழைய பிப்பெட்:
எவர்சில்வர் தட்டையும் விடாதீர்கள். உலோகத்தோடு கரைந்த ஆக்சிஜன் சேர்ந்தாலும் பெராக்சைடு வரும்; 2024இல் மிஸ்ரா குழு எழுதியது இதையே. பாத்திரமும் ஒரு வினைபொருள்தான்.

இன்னொன்று. சென்னை ஐஐடியில் பிரதீப் குழு 2024இல், மின்னேற்றம் கொடுத்த நுண்துளிகளில் குவார்ட்ஸ் துகள்கள் 5–10 நானோமீட்டராக உடைவதைக் காட்டியது. அதை இந்தச் சண்டையோடு கலக்காதீர்கள். அங்கே மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். உங்கள் கேள்வி ஒன்றும் கொடுக்காத தண்ணீர்.

குழாயடி:
அண்ணா, பார்த்துவிட்டேன், அல்ட்ராசோனிக்தான். அடியில் எழுதியே இருக்கிறது. அது போக, புகை பிடித்த மேசைக்குப் பக்கத்தில் ஹாஸ்டல் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓசோனை விடும்; அப்போ ஓசோனும் உண்டு. செமினாரில் என் நீலத் தாளை முதல் ஸ்லைடில் போடப் போகிறேன், தப்பு எத்தனை என்று அவர்களையே எண்ணச் சொல்லி.