பிராய்லர் கோழியும் முட்டையும் சாப்பிட்டால் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்களா?

கேட்டவர்: காங்கேயத்து மருமகள்

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். போன மாதம் என் நாத்தனார் மகள் பத்து வயதிலேயே பெரியவளாகிவிட்டாள். சீர் கொண்டுபோன இடத்தில் பந்தி முழுக்க ஒரே பேச்சு: "எல்லாம் அந்த ஊசிக் கோழி செய்கிற வேலை."

அன்று இரவே எங்கள் குலதெய்வக் கோவில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்ட ஒருவர் பேசுகிறார். அவர் பெயரும் இல்லை, எந்த ஊர் மருத்துவர் என்றும் இல்லை. கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாம், அது முட்டையிலும் இறங்குகிறதாம். நடுவில் தண்ணீரில் ஏதோ வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கலக்குகிறார்கள். பிறகு ஒரு குஞ்சின் வாயைப் பிளந்து காட்டுகிறார்கள். நாக்கு நீல நிறம்! அதைப் பார்த்ததிலிருந்து என் மாமியாருக்குக் கோழி என்ற பேச்சே ஆகவில்லை.

அத்தோடு விட்டாலும் பரவாயில்லை. பள்ளியில் போடும் முட்டையையும் தொடக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்லிவைத்துவிட்டார். அவளும் தட்டிலிருந்து எடுத்துப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுகிறாள். சத்துணவு ஆயா சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். காலையில் போனால் இருட்டித்தான் வீடு. பிள்ளையை வளர்ப்பது அத்தைதான். எதிர்த்துப் பேச எனக்கு மனமும் இல்லை, விவரமும் இல்லை. இதில் எது உண்மை?

பதில்: இயற்கை வழி

சந்தேகமே வேண்டாம் சகோதரி. நாற்பது நாளில் ஒரு கோழி இரண்டு கிலோ ஆகிறது என்றால் இயற்கையில் அது நடக்கிற காரியமா? எங்கள் பாட்டி வளர்த்த கோழி ஆறு மாதம் ஆனாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகளைப் பிடித்து ஊசி போட்டதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியார் விவரமானவர். நாட்டுக்கோழி வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் கறியே வேண்டாம்.

பதில்: பொங்கலூர் பண்ணைக்காரன்

அம்மணி, அந்த நீல நாக்கை எனக்கு நன்றாகத் தெரியும். பொங்கலூர் பக்கம் இரண்டு கொட்டகையில் பிராய்லர் வளர்க்கிறேன். ஒவ்வொரு பேட்சிலும் அந்த நாக்கைத் தேடித் தேடிப் பார்ப்பதுதான் என் வேலையில் ஒன்று.

விஷயம் இதுதான். குஞ்சு இறக்கிய ஆறேழு நாளில் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவோம். இரண்டு வாரம் ஆகும்போது கம்போரோ நோய்க்குத் தடுப்பு மருந்தைக் குடிதண்ணீரில் கொடுப்போம். அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த மருந்து. தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால் செத்துவிடும், கொடுத்தும் பயன் இல்லை. அதனால் முதலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலக்கிவிட்டுத்தான் மருந்தை ஊற்றுவோம். வீடியோவில் கொட்டிய வெள்ளைப் பொடி அது. கூடவே ஒரு நீலச் சாயமும் போடுவோம். எந்தக் குஞ்சு குடித்தது, எது குடிக்காமல் மூலையில் நின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாயைத் திறந்து நாக்கைப் பார்க்க வேண்டும். நீலமாக இருந்தால் குடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நிறம் போய்விடும்.

எங்கள் ஊரிலேயே ஒரு சேனல்காரர் "கோழி வளர்ப்பில் லாபம்" என்று படம் பிடிக்க வந்தார். மருந்து கொடுக்கும் நாள் பார்த்து வந்ததால் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் விளக்கிச் சொன்னோம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "அண்ணா, ஒரு சிரிஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், முகப்புப் படத்துக்கு வேண்டும்" என்றார். கொட்டகையில் சிரிஞ்சே இல்லை என்றேன். பரவாயில்லை என்று பையிலிருந்து அவரே ஒன்றை எடுத்தார்! நான் மறுத்துவிட்டேன். வீடியோ வெளிவந்தபோது லாபமும் இல்லை, வளர்ப்பும் இல்லை. நீல நாக்கு மட்டும் பெரிதாக இருந்தது, மேலே "கோழிக்குள் விஷமா?" என்று சிவப்பு எழுத்து. கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் சொன்னதாக ஆகாதாம்.

இனி இயற்கை வழி அண்ணாருக்கு. நீங்கள் நாமக்கல்லில் பார்த்தது பொய் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவை பெரும்பாலும் முட்டைக் கோழிகள், ஓராண்டுக்கு மேல் வாழ்பவை. முட்டையிடத் தொடங்கும் முன் அவற்றுக்குத் தடுப்பூசியை ஊசியாகவே போடுவார்கள். ஊசி உண்மை, ஹார்மோன் என்பதுதான் நம் ஆட்களின் கற்பனை. ஒரு கொட்டகையில் ஐந்தாயிரம் கோழி இருக்கும். பார்த்துக்கொள்வது நானும் என் வீட்டுக்காரியும். வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப்போகும். வேலை செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். எங்களுக்குக் கிடைக்கும் வளர்ப்புக் கூலியில் அதற்கு ஆள் வைத்தால் கொட்டகையை விற்றுத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும்.

பிறகு எப்படி நாற்பது கிராம் குஞ்சு நாற்பது நாளில் இரண்டு கிலோ ஆகிறது? நியாயமான கேள்விதான், அதற்கு விடை இருக்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு இனம், 1978ஆம் ஆண்டு இனம், 2005ஆம் ஆண்டு இனம் மூன்றையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் பழைய கோழி 905 கிராம், நடு இனம் 1,808 கிராம், புதியது 4,202 கிராம். எல்லாம் பொறுக்கு. நன்றாகத் தின்று வேகமாக வளர்வதை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். காங்கேயத்தில் இருந்துகொண்டு காளைக்குப் பொறுக்கு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை அம்மணி.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பேச்சு வெறும் காற்றில் முளைத்தது இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது செயற்கைப் பெண் ஹார்மோனை, வில்லையாகச் செய்து கோழிக் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள். 1959இல் கோழிக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். அங்கே செத்த கதை இங்கே வாட்ஸ்அப்பில் உயிரோடு சுற்றுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கோபி

பண்ணைக்காரர் கோழியைச் சொல்லிவிட்டார், நான் பிள்ளையைச் சொல்கிறேன்.

கண்ணு, பெண் குழந்தைக்கு எட்டு வயது முடியும் முன்பே மார்பு வளர்ச்சி தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர்கள் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். பத்து வயதில் வயதுக்கு வருவது சற்று முன்கூட்டித்தான். என்றாலும் அதை நோய் என்று சொல்வதில்லை. உங்கள் நாத்தனார் எந்த வயதில் பெரியவளானார் என்று கேட்டுப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கலாம். தாயைக் கொண்டுதான் மகள். அடுத்தது உடல் எடை. கொழுப்பு கூடக் கூட அந்த வயது முந்துகிறது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பதினாறு, பதினேழு வயதாக இருந்தது, 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பதின்மூன்றுக்கு வந்துவிட்டது. அந்த இறக்கத்தின் பெரும்பகுதி பிராய்லர் தொழில் பெரிதாகும் முன்பே நடந்தது. நல்ல சாப்பாடும் நோய் குறைந்ததும்தான் காரணம் என்கிறார்கள்.

அந்த ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள். வளரும் பிள்ளைக்கு அதை நிறுத்திவிட்டு, பள்ளி விட்டு வந்ததும் பாக்கெட் சிப்ஸும் கூல்டிரிங்க்ஸும் வாங்கிக் கொடுக்கிற வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அந்தச் சிப்ஸைப் பற்றி மட்டும் கோவில் குழுவில் யாரும் வீடியோ போடுவதில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது நான் பணியில் இருந்தேன். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் போட வேண்டும். ஊசியைப் பற்றி ஆளுக்கொரு ஆடியோ பரவியது. ஊசி நாளன்று வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. "பிள்ளைக்கு வயிற்றுவலி" என்று விடுப்புக் கடிதங்கள், எல்லாவற்றிலும் அதே வயிற்றுவலி! மாத இறுதியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டித்தார்கள். நாங்கள் கொடுத்த துண்டறிக்கையை யாரும் படிக்கவில்லை. ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தன் பேத்தியைக் கூட்டிவந்து எல்லோர் முன்பும் முதல் ஊசியைப் போடச் சொன்னார். அந்தப் பள்ளியில்தான் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆகவே மாமியாரோடு வழக்காட வேண்டாம். கேள்வியைக் கேட்டுப் பதிலை அவரிடமே விடுங்கள்: வீடியோவில் பேசியவர் யார், எந்த ஊர், நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால் அவரைப் போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: முட்டை லாரி

2020 மார்ச்சை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு படம் சுற்றியது. நாமக்கல்லில் முட்டை தேங்கிக் கிடந்தது, பல்லடம் பக்கம் உயிர்க்கோழியைக் கேட்பார் இல்லை. 2006இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோதும் இதே கதி. அப்போதாவது நோய் நிஜம், தொலைக்காட்சியில் கோழிகளைக் குழியில் கொட்டிப் புதைப்பதைக் காட்டினார்கள். 2020இல் எந்தக் கோழிக்கும் கொரோனா இல்லை.

பதில்: இயற்கை வழி

நீல நாக்கு விளக்கம் சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பண்ணைக்காரர் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டார். ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லையா?

பதில்: பொங்கலூர் பண்ணைக்காரன்

கொடுக்கிறோம். கேட்க வேண்டிய கேள்வியை இப்போதுதான் கேட்டீர்கள். இத்தனை வருடமாக ஹார்மோன், ஹார்மோன் என்று கத்தியதில் இதை யாரும் கேட்காமலே போனதுதான் எனக்கு எரிச்சல்.

குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனி கொடுப்பது. கொட்டகையும் உழைப்பும் எங்களுடையவை. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு இன்ன மருந்தை இத்தனை நாள் தண்ணீரில் கொடு என்பார், கொடுப்போம். நோய்க்குக் கொடுப்பது ஒன்று, வராமல் இருக்கவும் எடை கூடவும் கொடுப்பது வேறொன்று. இரண்டாவதுதான் ஆபத்து. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால் நாளை மனிதனுக்கு நோய் வரும்போது அதே மருந்து கேட்காது. 2014இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து, ஆஸ்பத்திரியில் வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது. அது கோழித் தீவனத்துக்குப் போவதை 2018இல் பத்திரிகைக்காரர்கள் துருவி எழுதினார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தடை செய்தது. பத்திரிகை என்றால் அப்படி இருக்க வேண்டும். அந்தச் செய்தி உங்கள் கோவில் குழுவுக்கு வந்ததா அம்மணி? வந்திருக்காது. அதில் காட்ட நீல நாக்கு இல்லை.

நாட்டுக்கோழிதான் தீர்வு என்கிறார் இயற்கை வழி அண்ணார். சந்தையில் நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்பதில் எத்தனை கொட்டகையில் வளர்ந்தது என்று பார்த்து வாங்குங்கள். அதற்கும் நோய் வரும், மருந்தும் தண்ணீரில்தான் போகும்.

கேட்டவர்: காங்கேயத்து மருமகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அத்தைக்கு இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். பால் பவுடர் என்றதும் சிரித்துவிட்டார். பள்ளி முட்டைக்குத் தடை நீங்கிவிட்டது. வீட்டில் பிராய்லர் கறிக்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை, ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்டதும் முன்பைவிடக் கூர்மையாகிவிட்டார். "மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்துக் கோழியை விற்க வேண்டும் என்று அந்தத் தம்பியிடம் கேள்" என்கிறார்.

பதில்: பொங்கலூர் பண்ணைக்காரன்

உங்கள் அத்தை எங்கள் சூப்பர்வைசராக வந்திருக்க வேண்டியவர். 2012 முதல் கால்நடை மருந்து லேபிளில் அந்த நாள் கணக்கை அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. இத்தனை நாள் போதும் என்று நிரூபிக்கப்படாத மருந்தென்றால் கறிக்கோழிக்குக் குறைந்தது 28 நாள், முட்டைக்கு 7 நாள். எங்கள் கோழியின் ஆயுளே நாற்பது நாள் என்பதை அத்தையிடம் சொல்லுங்கள், கணக்கை அவரே போட்டுக்கொள்வார். கறிக்கடைக்காரரிடம் கேட்டால் தெரியாது, அவருக்கு எடைச் சீட்டு மட்டும்தான் வருகிறது. மருந்து எழுதும் பதிவேடு கொட்டகையில் இருக்கிறது. அதன் நகல் லாரியோடு போக வேண்டும் என்று எங்கள் ஆட்கள் சிலர் கேட்டுப் பார்த்தோம், கம்பெனி காதில் வாங்கவில்லை. வாங்குகிறவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிக் கேட்டால் மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. அத்தை எழுதுவதாக இருந்தால் என்ன மருந்து, எந்த வாரத்தில் கொடுப்பது என்ற விவரத்தை நான் தருகிறேன்.