தோட்டத்து வேலைக்கு இரண்டாம் கை பிக்கப்: ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன், ரேஞ்சர். எது தாங்கும்?

செம்மண்தடம்:

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட வேலைக்கு டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) பிக்கப் ஒன்று தேடுகிறேன். புதுசு வேண்டாம், 2017க்குப் பிந்தைய இரண்டாம் கை போதும். ஸ்டோரிலிருந்து 50 கிலோ உரமூட்டை 15 வரை பிளாக்குக்குக் கொண்டு போக வேண்டும், கூட மூன்று பேர் வருவார்கள். டிராக்டர் கிடைக்காத நாளில் கொஞ்சம் குலையும் ஏறும். பாதை செம்மண், பாதிக்கு மேல் மேடு, மழை பெய்தால் களி. வாரம் ஒருமுறை ஈப்போ, எப்போதாவது ஹைவேயில் கேஎல் (கோலாலம்பூர்).

காணொளிகளில் எல்லாரும் குதிரைசக்தியும் டேஷ்போர்டு திரையும்தான் பேசுகிறார்கள். லோடு ஏற்றி ஓட்டுகிறவர்கள், பட்டறையில் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். நிசான் நவாராவும் விலைக்கு வருகிறது, அதைப் பார்க்கலாமா?

டீசல்மணி:

முதலில் மூட்டைக் கணக்கு. இந்த வகை வண்டிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரு டன் தாங்கும் என்றுதான் விற்கப்படுகின்றன. அந்த ஒரு டன்னில் ஆட்களும் அடக்கம், பின்னால் மாட்டிய கேனோபி, முன்னால் புல்பார், கருவிப்பெட்டி எல்லாமே அடக்கம். மூன்று பேருக்கு 210 கிலோ, கூடுதல் இரும்புக்கு 100 கிலோ போட்டால் மிச்சம் 690. அதாவது 13 மூட்டை. நீங்கள் சொல்லும் 15 மூட்டை ஏற்றினால் எந்த பிராண்டாக இருந்தாலும் அளவு தாண்டிய லோடுதான். பார்க்கும் வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்து, ரகத்துக்கு ரகம் சரிபாருங்கள். ஒரே பெயரில் வரும் ரகங்களுக்குள்ளேயே நூறு கிலோ வரை வித்தியாசம் வரும்.

அடுத்தது பின் ஸ்பிரிங். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன், சாதாரண ரேஞ்சர் நான்கும் பட்டை ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கியது). 2015க்குப் பின் வந்த டபுள் கேப் நவாராவுக்குப் பின்னால் காயில் (சுருள்) ஸ்பிரிங். வெறும் வண்டியாக ஓடினால் நவாராவின் சொகுசு மற்றவற்றுக்கு வராது. ஆனால் தினம் அரை டன்னுக்கு மேல் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், பள்ளத்தில் பம்ப்ஸ்டாப் (ஆக்ஸில் சேஸியில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) அடிக்கும். ஆஸ்திரேலியாவில் இந்தப் புகார் வந்துதான் நிசான் பின் காயிலை மாற்றிக் கொடுத்தது. குடும்பத்துக்கு என்றால் வாங்கலாம், உரமூட்டைக்கு வேண்டாம்.

இன்ஜினைப் பொறுத்தவரை, இழுவை எவ்வளவு என்பதை விட அது எந்த சுற்றில் கிடைக்கிறது என்று பாருங்கள். ஹைலக்ஸ் 2.4 (2ஜிடி) 150 குதிரைசக்தி, 400 நியூட்டன்மீட்டர் இழுவை. அந்த இழுவை 1,600 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். டி-மேக்ஸ் 1.9க்கும் அதே 150தான், ஆனால் இழுவை 350, அதுவும் 1,800க்கு மேல். சமதளத்தில், ஈப்போ ஓட்டத்தில் 1.9தான் குறைவாகக் குடிக்கும். லோடோடு மேடு ஏறும்போது கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும், மிச்சம் பிடித்த டீசல் அங்கே போய்விடும். மேட்டு நிலம் அதிகம் என்றால் டி-மேக்ஸில் 3.0 பாருங்கள். 2021ல் வந்த புது உடலில் அது 4ஜேஜே3 இன்ஜின், 190 குதிரைசக்தி, 450 நியூட்டன்மீட்டர். பழைய உடல் 3.0ம் மோசமில்லை.

ரேஞ்சர் 2.0 பை-டர்போ (இரட்டை டர்போ) ஹைவேயில் எல்லாரையும் விட நன்றாக ஓடும், சந்தேகமே இல்லை. 10 கியர், 500 நியூட்டன்மீட்டர். கேஎல் ஓட்டம் வாரம் மூன்று நாள் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பட்டறைவாசல்:

மணி அண்ணன் சொன்னதுல ஓட்டுற பக்கம் சரி. பிரிக்கிற பக்கத்த நான் சொல்றேன்.

ஹைலக்ஸ்: 2016ல வந்த உடம்புல இருக்கிற ஜிடி இன்ஜினுக்கு டைமிங் செயின், பெல்ட் கிடையாது. அதுக்கு முந்தின வீகோவுக்குத்தான் பெல்ட். யாராவது விலை குறைச்சி வீகோவைத் தள்ளப் பார்த்தா, பெல்ட் எப்போ மாத்துனதுன்னு சீட்டு கேளுங்க. அதோட 3.0 வீகோவுல இன்ஜெக்டர் அடியில இருக்கிற செப்பு வாஷர் கசியும். எரிஞ்ச புகை உள்ள இறங்கி ஆயிலைக் கரியாக்கி, கீழ ஆயில் இழுக்கிற வடிகட்டிய அடைச்சிடும். ஆயில் லைட் எரியும்போது டர்போவும் பேரிங்கும் போயிருக்கும்.

ட்ரைட்டன்: 2.5 (4டி56)க்கு டைமிங் பெல்ட்டோட பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் ஒண்ணு தனியா இருக்கு. சின்னது அறுந்து பெரியதுல மாட்டுனா ராக்கர் எல்லாம் ஒடிஞ்சிடும். மாத்தும்போது ரெண்டையும் சேர்த்து மாத்தணும், டென்ஷனர், வாட்டர் பம்ப் உட்பட. 2.4 (4என்15) அலுமினிய பிளாக், செயின், 181 குதிரைசக்தி. அந்த வயசு வண்டியில இதுதான் வாங்கணும். கூலன்ட் குறையுதான்னு மட்டும் பாருங்க, அலுமினிய இன்ஜின் ஒரு தடவை சூடேறுனா மன்னிக்காது.

ரேஞ்சர்: 2.2, 3.2 ரெண்டுக்கும் ஒரு வினோதம் உண்டு. ஆயில் மாத்தும்போது வடியவிட்டு டீ குடிக்கப் போயிடக்கூடாது. பத்து நிமிஷத்துக்கு மேல காலியா விட்டா ஆயில் பம்ப் காத்து பிடிச்சிக்கும், திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது பிரஷர் ஏறாது, பேரிங் போயிடும். நட்டைக் கழட்டு, ஃபில்டர மாத்து, உடனே ஊத்து. 2.0 இன்ஜின்ல ஆயில் பம்பை ஓட்டுறது ஆயில்லயே ஊறுற பெல்ட். கம்பெனி சொல்ற 0டபிள்யூ-30 ஆயில விட்டுட்டு கடையில கிடைக்கிற 15டபிள்யூ-40 ஊத்துனா, ஆயில் மாத்துறத நாள் தள்ளுனா, ரப்பர் உதிர்ந்து வடிகட்டிய அடைக்கும். சர்வீஸ் சீட்டு முழுசா இல்லாத 2.0வை, எவ்வளவு பளபளன்னு இருந்தாலும், தொடாதீங்க.

டி-மேக்ஸ்: இந்த வயசு வண்டிக்கு எல்லா இன்ஜினும் செயின். பழைய 2.5, 3.0ல டீசல் பம்புல இருக்கிற சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு மக்கர் பண்ணும். சூடானப்புறம் நியூட்ரல்ல ஆர்பிஎம் ஏறி இறங்கும், ஜங்ஷன்ல நிக்கும்போது ஆஃப் ஆகும். பாதிப் பேர் இன்ஜெக்டர்னு சொல்லி காசு பிடுங்குவாங்க. முதல்ல டீசல் ஃபில்டர மாத்துங்க, அப்புறம் அந்த வால்வ, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல ரீலேர்ன் (புது வால்வ இன்ஜினுக்குப் பழக்குறது). இன்ஜெக்டர் கடைசி.

நாலுக்கும் பொதுவா இஜிஆர் (எரிஞ்ச புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுறது) கரி. ஏசி போட்டுக்கிட்டு மணிக்கணக்கா நிறுத்தி வச்சா இன்டேக் குழாய் பாதிக்குப் பாதி அடைஞ்சிடும். இழுவை குறைஞ்சி கறுப்புப் புகை வந்தா டர்போன்னு நினைக்கிறதுக்கு முன்னாடி அதக் கழட்டிப் பாருங்க.

மேட்டுலயம்:

ட்ரைட்டனை இவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போவது சரியில்லை. செம்பனை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவது. வெட்டுப் பாதை முடிகிற இடத்தில் திருப்ப இடம் இருக்காது. ஹைலக்ஸின் திருப்பு ஆரம் 6.4 மீட்டர், 2024க்கு முந்தைய ட்ரைட்டனுக்கு 5.9. கேட்கும்போது அரை மீட்டர்தான். பாதைக்கு ஒருமுறை ரிவர்ஸ் போட்டுக் கால்வாய் ஓரத்தில் பின்சக்கரத்தை இறக்குகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்னொன்று நாலு சக்கர ஓட்டம். ஹைலக்ஸிலும் டி-மேக்ஸிலும் 4எச் (நாலு சக்கர வேக ஓட்டம்) போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். களியில் பிரச்சினை இல்லை, சக்கரம் வழுக்கி சமாளிக்கும். அப்படியே மறந்து காய்ந்த தார் சாலைக்கு ஏறி வளைத்தால் ஸ்டீயரிங் இறுகும், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) அடி வாங்கும். ட்ரைட்டனின் சூப்பர் செலக்டில் நடுவில் டிஃபரன்ஷியல் (முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) இருப்பதால் 4எச்சில் தார் சாலையிலும் ஓட்டலாம். எல்லா ட்ரைட்டனுக்கும் அது கிடையாது. குமிழில் 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி என்று நான்கு இருந்தால் சூப்பர் செலக்ட். மூன்றுதான் என்றால் அதுவும் மற்றவை போலத்தான். விற்கிறவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், குமிழைப் பாருங்கள்.

லோடோடு செம்மண் இறக்கத்தில் எந்த வண்டியானாலும் இறங்குவதற்கு முன்பே நின்று 4எல் (நாலு சக்கர மெது ஓட்டம்) போடுங்கள், முதல் கியர், பிரேக்கில் கால் வேண்டாம். பாதி இறங்கியபின் பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் முன்னே வந்துவிடும்.

டயர் பற்றி யாரும் பேசவில்லை. ஹைவே டயர் களியில் பத்தடி போனதும் வழவழ உருளையாகிவிடும். முழு மட் டயர் மழையில் தார் சாலையில் வழுக்கும், ஈப்போ போய் வருவதற்குள் காது அடைக்கும். உங்கள் ஓட்டத்துக்கு ஆல்-டெரைன், அதிலும் பக்கச்சுவர் தடித்த எல்டி (லைட் டிரக்) ரகம். செம்பனை மட்டையின் முள் பக்கச்சுவரில் ஏறி உள்ளேயே ஒடிந்துகொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது, இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று குறையும். சோப்பு நீர் தடவிப் பார்த்தால் குமிழி வரும். வெறும் வண்டி களியில் மாட்டினால் டயர் காற்றை 22–25 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். லோடு இருக்கும்போது இறக்கவே கூடாது.

செம்மண்தடம்:

மிக்க நன்றி. பை-டர்போ ஆசை போய்விட்டது. ஹைலக்ஸ் 2.4ம் டி-மேக்ஸ் 3.0ம்தான் இப்போது மனதில், சூப்பர் செலக்ட் உள்ள ட்ரைட்டன் கண்ணில் பட்டால் அதுவும். இரண்டு கேள்வி: 15 மூட்டைக்காகப் பின்னால் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்த்தால் என்ன? டீசல் பி7 (7% பயோடீசல் கலந்தது) போட வேண்டுமா, சாதாரண பி10 (10%) போதுமா?

பட்டறைவாசல்:

பட்டை சேர்க்கலாம். ஆனா அது பின்பக்கம் உட்காராம பிடிக்கும், அவ்வளவுதான். ஆக்ஸிலும் பிரேக்கும் சேஸியும் அதே பழசுதான், தாங்குற எடை ஒரு கிலோ கூடாது. 13 மூட்டையோட நிறுத்திக்கிட்டு ரெண்டு நடை போங்க. பட்டை சேர்த்தா வெறும் வண்டி பின்னால குதிக்கும், முன்லைட் தரையைப் பார்க்கும், திரும்ப அட்ஜஸ்ட் பண்ணணும். சில வண்டியில பின் ஆக்ஸில்ல இருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகும், லோடுக்குத் தகுந்த மாதிரி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிறது அதுதான். வண்டிய உயர்த்திட்டு அதை சரி பண்ணாம விட்டா, வால்வு வண்டி காலின்னு நினைச்சிக்கிட்டு லோடு இருக்கும்போதும் பின் பிரேக்கைக் குறைச்சிடும். பட்டையை ஆக்ஸிலோட பிடிக்கிற யூ-போல்ட்டை 1,000 கிலோமீட்டர்ல திரும்ப முறுக்குங்க. மூட்டையை கேபினை ஒட்டி அடுக்குங்க. ஆக்ஸிலுக்குப் பின்னால கனத்தைத் தொங்கவிட்டுப் பள்ளத்துல இறக்குனா, கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவுல சேஸி வளையும். வாங்கப் போகும்போது அந்த இடைவெளியப் பாருங்க: மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கணும். மேல விரிஞ்சி கீழ ஒடுங்கியிருந்தா, இல்லன்னா புது வெல்டிங் தெரிஞ்சா, பேசாம கிளம்பி வந்துடுங்க.

அப்படியே டிஃபரன்ஷியல் ஆயில் நிரப்புற மூடியைத் திறந்து விரல் விட்டுப் பாருங்க. தேன் நிறமா இருந்தா சரி, பால் காபி நிறமா இருந்தா தண்ணி புகுந்திருக்கு. சூடான ஆக்ஸில் ஆத்துல இறங்குனதும் உள்ள காத்து சுருங்கி, மேல இருக்கிற சின்ன பிரீதர் வழியா தண்ணிய இழுத்துக்கும். ஒரு குழாய் போட்டு அந்த பிரீதரை மேல ஏத்தி விட்டா பிரச்சினை முடிஞ்சது.

டீசல்மணி:

டீசலுக்கு: 2024 ஜூன் 10ல் தீபகற்பத்தில் மானியம் மாறியபோது பி10 லிட்டர் 2.15லிருந்து 3.35 ரிங்கிட் ஆனது. அப்போது யூரோ 5 பி7 அதைவிட 20 சென் கூடுதல். அதற்குப் பிறகு விலை ஏறி இறங்குகிறது. தினம் ஓடுகிற வண்டிக்கு பி10 போதும். பயோடீசல் ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கில் படிந்த கசடையும் கரைத்துக் கொண்டுவரும். அதனால் வண்டி கைக்கு வந்ததும் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், பிறகு புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதிக்கு ஒருமுறை. நாள் கணக்கில் நிற்கிற வண்டி என்றால் பி7 போட்டு டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், வெற்றிடம் குறைந்தால் ஈரமும் குறையும்.

ஃபில்டரில் தண்ணீர் லைட் எரிந்தால் வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே நிறுத்தி, ஃபில்டர் அடியில் உள்ள குமிழைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை வடித்து, குமிழை முறுக்கி, கைப்பம்பு இருந்தால் இறுகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. காமன்ரெயில் இன்ஜெக்டருக்குள் தண்ணீர் போனால் நான்கையும் மாற்ற வேண்டி வரும்.

மேட்டுலயம்:

ஒன்று விட்டுப்போனது: பிராபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) கிரீஸ். களியில் ஓடுகிற வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, யூ-ஜாயின்ட்டிலும் சறுக்கும் இணைப்பிலும், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். கியர் போடும்போது அடியில் 'டொக்' என்று கேட்டால் ஏற்கெனவே தாமதம். ரேடியேட்டருக்கும் ஏசி கன்டென்ஸருக்கும் நடுவில் லாலாங் புல்லின் பஞ்சும் மண்ணும் சேரும். இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள், பிரஷர் ஜெட் வைத்தால் தகடு மடங்கிவிடும்.