பழைய வத்தையில் (மரப்படகில்) அடித்தண்ணி வடியவே மாட்டேங்குது

கேள்வி: பாம்பன் பக்கம் நிக்கிற பாய்மர வத்தை. காலையில இறைச்சா சாயங்காலம் மறுபடி நாலு விரல் தண்ணி. நடுவுல தேங்கி நாறுது. கலப்பத்து (பலகை மூட்டுல அடைக்கிற பஞ்சு) முழுசாப் புதுசா அடிக்கணுமா அண்ணே?

பதில் 1: அவசரப்படாதீங்க தம்பி. அடியைத் துடைச்சுக் காயவிட்டு, புதுசா ஊறுற சொட்டை நாக்குல வையுங்க. உப்புக் கரிச்சா பலகை மூட்டு வழியா வர்ற கடல்தண்ணி. இல்லன்னா மேல இருந்து இறங்குற மழைத்தண்ணி. மரத்தை மக்க வைக்கிறது அதுதான், விட்டுடாதீங்க.

பதில் 2: நடுவுல தேங்குதுன்னா வங்குக்கு (உள்பக்கக் குறுக்குச் சட்டம்) அடியில தண்ணி ஓடுறதுக்கு இருக்கிற துளை அடைச்சிருக்கும். பழைய தாரும் மீன்செதிலும் கெட்டியா அப்பியிருக்கும். கம்பியால குத்திட்டு, எல்லாத் துளையிலயும் ஒரே நைலான் கயித்தைக் கோத்து விடுங்க. வாரம் ஒருக்கா முன்னும் பின்னும் இழுத்தாப் போதும்.

பதில் 3: கரையில காய்ஞ்ச படகுன்னா ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊறவிட்டுப் பாருங்க. காய்ஞ்ச மூட்டுல பஞ்சை இறுக்கி அடிச்சா, பலகை ஊறி உப்புறப்ப ஆணியையே நெம்பிடும். பம்ப் வச்சா வெளிக்குழாயை நீர்மட்டத்துக்கு மேல வளைச்சுக் கொண்டுபோங்க. இல்லன்னா படகு சாயுறப்ப கடல்தண்ணி அதே வழியா உள்ள வந்துடும்.